இல்லாத இயந்திரத்தோடு பேசுதல்

1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 386 சில்லு பொருத்திய கணினி ஒன்றை வாங்கினார். வீட்டில் உட்கார்ந்தபடியே தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைய வேண்டும், அங்கே வரும் செய்திக் குழுக்களை வாசிக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கணினியில் போட்டிருந்த மினிக்ஸ் இயங்குதளத்தில் அதற்கென்று ஒரு நிரல் இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. எந்த இயங்குதளத்தின் துணையும் இல்லாமல், வன்பொருளின் மேல் நேரடியாக ஓடும் நிரலொன்றைத் தானே எழுதினார். அதற்குள் இரண்டு வேலைகள் மாறி மாறி நடந்தன. ஒன்று, விசைப்பலகையில் தட்டுவதை மோடத்துக்கு அனுப்பும். மற்றொன்று, மோடத்தில் வருவதைத் திரையில் எழுதும்.

பிறகு கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. அதற்கு வட்டில் எழுதத் தெரியவேண்டும். வட்டில் எழுதக் கோப்பு முறைமை வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில் அந்த நிரல் இயங்குதளமாகவே வளர்ந்துவிட்டது. ஆகஸ்ட் 25 அன்று அதைப் பற்றி வெளியில் அறிவித்தார். ஆக, லினக்ஸ் பிறந்ததே ஒரு டெர்மினல் எமுலேட்டராகத்தான். "லினக்ஸ் சரி, அந்தக் கறுப்புத் திரை மட்டும் வேண்டாம்" என்று மாணவர்கள் சொல்லும்போது என் மனம் ஒப்பாததற்கு இது ஒரு காரணம். அந்தத் திரைமீதான பயம் அதன் கட்டளைகளால் வருவதல்ல. அதற்குள் இருப்பது எந்த இயந்திரம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் வருகிறது.

இயந்திரம் என்று சொல்வதற்குப் பொருள் இருக்கிறது. டெர்மினல் எமுலேட்டர் என்பது, இப்போது மேசைமேல் இல்லாத ஒரு கருவியைப்போல நடிக்கும் மென்பொருள். அந்தக் கருவியின் முதல் வடிவம் டெலிடைப். அமெரிக்காவின் டெலிடைப் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும். பெரிய எழுத்து மட்டுமே அடிக்கத் தெரியும். ஒரு வரியில் 72 எழுத்து. ஒரு வரி முடிய ஏழு வினாடிக்கு மேல் ஆகும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, கணினியோடு பேச இருந்த வழி இத்தகைய அச்சு இயந்திரங்கள்தான். எல்எஸ், சிபி, எம்வி என்று யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்தில் சுருங்கிக் கிடப்பதை இன்று புதிதாக வருபவர் குறையாகப் பார்க்கிறார். ஒவ்வொரு எழுத்தையும் கனமான விசையை அழுத்தி அனுப்பி, அது காகிதத்தில் விழும்வரை காத்திருந்தவர்களுக்கு அது சிக்கனம்.

டெலிடைப்பில் கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. யூனிக்ஸோடு இணைக்கும்போது அதன் விசைப்பலகைக்கும் அச்சுத் தலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. விசையை அழுத்தினால் எழுத்து கணினிக்குப் போகும். கணினி அதைத் திருப்பி அனுப்பினால்தான் காகிதத்தில் விழும். இதற்கு எக்கோ என்று பெயர். இன்றும் உங்கள் டெர்மினலில் எழுத்து தோன்றுவது இப்படித்தான்: நீங்கள் தட்டியது திரைக்குப் போவதில்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குப் போய்த் திரும்பி வருகிறது. கடவுச்சொல் கேட்கும்போது பல லினக்ஸ் கணினிகளில் நட்சத்திரக் குறிகூடத் தோன்றாமல் திரை உறைந்ததுபோல நிற்கும். புதியவர்கள் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. கடவுச்சொல் கேட்கும் நிரல், அந்த நேரத்துக்கு மட்டும் எக்கோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் அச்சாகும் காலத்தில் அது கட்டாயம்; அச்சான கடவுச்சொல்லை அழிக்க முடியாது.

காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்த பிறகு பல நிறுவனங்கள் டெர்மினல் செய்தன. இன்றுவரை உயிரோடிருக்கும் பெயர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விடி100. 1978 ஆகஸ்டில் வந்தது. உள்ளே இன்டெல் 8080 சில்லு. திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 கட்டங்கள். இந்த 80 என்ற எண், ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் 80 நெடுவரிசைகளோடு ஒத்துப்போகிறது. இன்று புதிதாக நிறுவிய லினக்ஸில் டெர்மினலைத் திறந்து அளவைப் பாருங்கள், பெரும்பாலும் 80-க்கு 24 என்றே இருக்கும். டிஜிட்டல் நிறுவனத்தை 1998-இல் காம்பாக் வாங்கிவிட்டது. அதன் திரை மட்டும் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான கணினிகளில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

விடி100 வரும் எழுத்துகளை வரிசையாகக் காட்டுவதோடு நிற்கவில்லை. அதற்கு ஆணையிடலாம். 27 என்ற எண் கொண்ட எஸ்கேப் எழுத்து வந்தால், "அடுத்து வருவது காட்டுவதற்கல்ல, செய்வதற்கு" என்று புரிந்துகொள்ளும். எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு எண், கடைசியில் ஓர் எழுத்து. கர்சரை ஐந்தாம் வரிக்குக் கொண்டுபோ, திரையைத் துடை, தடித்த எழுத்தாக்கு என்றெல்லாம் இப்படிச் சொல்லலாம். இதே முறை 1979-இல் அமெரிக்கத் தரமாகவும் வந்தது. விடி100-க்கு நிறம் தெரியாது, பின்னால் வந்தவை அதே இலக்கணத்தில் நிறத்தையும் சேர்த்தன. இன்று எல்எஸ் கட்டளை அடைவுகளை நீலத்தில் காட்டுகிறதென்றால், பெயருக்கு முன்னும் பின்னும் அது இந்த ஆணைகளை எழுதி அனுப்புகிறது என்று பொருள். எஸ்கேப், அடைப்புக்குறி, 31, எம் என்றால் அதற்குப் பின் வருவது எல்லாம் சிவப்பு. 31-க்குப் பதில் 0 வந்தால் பழைய நிலை.

வன்பொருளாக இருந்த இதை மென்பொருளாக்கிய நிரல்களில் மூத்தவற்றுள் ஒன்று எக்ஸ்டெர்ம். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எக்ஸ் சாளர முறைமை உருவாகிக்கொண்டிருந்த கோடையில், மார்க் வாண்டவூர்ட் அதை எழுதத் தொடங்கினார். 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரித்துவருகிறார். இன்றைய டெர்மினல்களில் பெரும்பாலானவை தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது எக்ஸ்டெர்ம் என்ற பெயரையே சொல்கின்றன.

சரி, ஒரு டெர்மினலை நிறுவுவோம். கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன்; தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். உபுண்டு, டெபியன் குடும்பத்துக்கு இது பொருந்தும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் அவற்றில் இருந்தது. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டின் கிராமத்து வீடுகளுக்குள்ளும் இந்த டெர்மினல் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.

உபுண்டுவில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஏற்கனவே இருக்கும் டெர்மினல் திறக்கும். அதில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டுங்கள். எஸ்-யு-டி-ஓ என்ற சூடோ, அந்த ஒரு கட்டளையை மட்டும் நிர்வாகியின் உரிமையோடு ஓட்டும். ஏ-பி-டி என்ற ஆப்ட், களஞ்சியத்தில் என்னென்ன மென்பொருள் என்னென்ன பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிக்கும். பட்டியலோடு ஒரு மின்கையொப்பமும் வரும். களஞ்சியத்தை நடத்துபவர்கள் இட்டதுதானா என்று சரிபார்த்த பிறகே ஆப்ட் அதை நம்பும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கோப்பை இறக்கி இருமுறை சொடுக்கி நிறுவுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. கட்டற்ற மென்பொருள் உலகம் சாதித்தவற்றில் போதிய பாராட்டுப் பெறாத ஒன்று இந்த ஏற்பாடு என்பேன்.

அடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கான்சோல்'. கான்சோலை ஆங்கிலத்தில் கே-யில் தொடங்கி எழுதவேண்டும். கேடிஇ திட்டத்தின் டெர்மினல் அது. எந்தெந்த நூலகங்கள் கூடவே வேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டுக் காட்டி, சம்மதம் கேட்கும். நோம் மேசைத்தளத்தில் இருந்துகொண்டு கான்சோல் கேட்டால் பட்டியல் நீளமாக வரும், கேடிஇ நூலகங்கள் பலவும் சேர்ந்து வருவதால். எக்ஸ்டெர்ம் கேட்டால் பட்டியல் சின்னது. வரைவியல் சில்லைக் கொண்டு எழுத்தை வேகமாக வரையும் அலாக்ரிட்டி, கிட்டி போன்றவையும் களஞ்சியத்தில் உண்டு. எதை எடுப்பது என்பதில் பெரிய தத்துவம் இல்லை. மேசைத்தளத்தோடு வந்ததே முக்கால்வாசிப் பேருக்குப் போதும். தமிழில் வேலை செய்பவருக்கு மட்டும் தேர்வு முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

டெர்மினல் திறந்ததும் உள்ளே நடப்பது என்ன? கம்பிக்கு மறுமுனையில் இருந்த கருவி இப்போது இல்லை. அதனால் கெர்னலே ஒரு போலிக் கம்பியை உண்டாக்கித் தருகிறது. அதன் ஒரு முனை எமுலேட்டரின் கையில், மறுமுனை ஷெல்லின் கையில். ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல், பெரும்பாலும் பாஷ். டெர்மினலும் ஷெல்லும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று திரை, மற்றொன்று அதற்குப் பின்னாலிருந்து பதில் சொல்வது. ஷெல், தான் உண்மையான டெலிடைப்போடு பேசுவதாகவே நடந்துகொள்கிறது. 'டிடிஒய்' என்று தட்டினால் உங்கள் கம்பியின் பெயரைச் சொல்லும்: டெவ் என்ற அடைவுக்குள் பிடிஎஸ், அதற்குள் 0 அல்லது 1.

இதை நம்புவதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு டெர்மினல்களைத் திறந்து, இரண்டாவதன் பெயரை 'டிடிஒய்' மூலம் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதில் 'எக்கோ வணக்கம்' என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, பெரியது என்ற கணிதக் குறியைப் போட்டு, இரண்டாவதன் பெயரை முழுப் பாதையோடு எழுதி என்டர் அழுத்துங்கள். வணக்கம் அடுத்த ஜன்னலில் போய் விழும். யூனிக்ஸில் கருவியும் ஒரு கோப்புதான் என்று பாடநூலில் படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். இதே தன்மைதான் டோர்வால்ட்ஸுக்கு ஒருமுறை வினையாகவும் வந்தது. மோடத்துக்குப் போகவேண்டிய தொலைபேசி எண் சுழற்றும் ஆணை, தவறான கருவிப் பெயரால் வன்வட்டுக்குப் போய், மினிக்ஸ் இருந்த பகுதியைக் கெடுத்துவிட்டது. அதன் பிறகு அவர் மினிக்ஸுக்குத் திரும்பவில்லை, லினக்ஸையே முழுமையாக்கினார்.

புதியவர்களைக் குழப்பும் விசைகளுக்கும் இந்தக் கம்பியில்தான் விடை இருக்கிறது. மற்ற செயலிகளில் கண்ட்ரோல்-சி என்றால் நகலெடுப்பது. டெர்மினலில் ஓடும் நிரல் நின்றுவிடும். ஆஸ்கி அட்டவணையில் சி-யின் எண் 67. கண்ட்ரோல் விசை அதிலிருந்து 64-ஐக் கழித்து 3 என்ற பைட்டை அனுப்புகிறது. கம்பியைக் காவல் காக்கும் கெர்னல் பகுதி, 3 வந்தால் முன்னால் ஓடும் நிரலை நிறுத்தச் சொல்லி சமிக்ஞை விடும். அந்த இடம் ஏற்கனவே பிடிபட்டுவிட்டதால், நகலெடுக்கக் கண்ட்ரோலோடு ஷிப்டும் சேர்த்து அழுத்தவேண்டியிருக்கிறது. கண்ட்ரோல்-எஸ் இன்னும் குழப்பம். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் அதை அழுத்தினால் டெர்மினல் செத்ததுபோல நிற்கும். அது "கொஞ்சம் நிறுத்து" என்று டெலிடைப் காலத்தில் சொன்ன 19-ஆம் எண். கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் 17 போகும், ஓட்டம் திரும்பும். ஜன்னலை மூடிவிட்டு வேலையை இழந்தவர்கள் எத்தனை பேரோ.

படம் போன்ற உரையல்லாத கோப்பைத் தவறி டெர்மினலில் கொட்டிவிட்டால், எழுத்துகள் திடீரென்று கோடுகளாகவும் மூலைகளாகவும் மாறிப்போவதுண்டு. கோப்பில் இருந்த பைட்டுகளில் ஏதோ ஒன்று, "கோடு வரையும் எழுத்துத் தொகுதிக்கு மாறு" என்ற ஆணையாகிவிட்டது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள், சரியாகிவிடும். வலைப்பக்கத்திலிருந்து கட்டளையை ஒட்டும்போது மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணுக்குத் தெரிவதும் நகலாவதும் வேறு வேறாக இருக்கும்படி பக்கத்தை அமைக்க முடியும். ஒட்டிய உரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஷெல்லுக்கு அடையாளம் காட்டும் ஏற்பாடு புதிய டெர்மினல்களில் உண்டு. அதனால் என்டர் அழுத்தும் முன் ஒருமுறை படித்துப்பார்க்க அவகாசம் கிடைக்கிறது. படியுங்கள்.

இனி தமிழ். விடி100-இன் 1,920 கட்டங்களும் கட்டம் போட்ட நோட்டைப்போல ஒரே அளவு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத் தட்டச்சுக்கு இது இயல்பாகப் பொருந்தியது. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றின் சதுர எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் ஒதுக்கி வழி கண்டார்கள். தமிழுக்கு அப்படி யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியும் ஒழுங்கு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15 பைட். டெர்மினலிலேயே சரிபார்க்கலாம்: சொல்லை வரிமுடிவு சேராமல் டபிள்யூசி என்ற கட்டளைக்குக் கொடுத்து பைட் கேட்டால் 15 என்றும், எழுத்து கேட்டால் 5 என்றும் சொல்லும். இவை தவிர நான்காவது கணக்கு ஒன்று உண்டு, எத்தனை கட்டம் பிடிக்கும் என்பது. மார்க்கஸ் கூன் எழுதிப் பலரும் பின்பற்றிய நிரல்வரிகள் யூனிகோடின் வகைப்பாட்டை வைத்து இதை முடிவு செய்கின்றன. இடம் பிடிக்காத குறி என்றால் 0, மற்ற தமிழ்க் குறிகளுக்கு 1. புள்ளிக்கு 0 சரி. இகரக் குறி இடம் பிடிக்கும் வகையில் இருக்கிறது, ஈகாரக் குறி இடம் பிடிக்காத வகையில் இருக்கிறது. விளைவு, இந்தக் கணக்கைப் பின்பற்றும் டெர்மினல்களில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். 'கு' என்பது பிரிக்க முடியாத ஒரே வடிவம். அதற்கும் இரண்டு கட்டம். 'தமிழ்' நான்கு கட்டம்.

'கொ' வரும்போது சிக்கல் இன்னும் கடுமை. யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் போகவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். வந்த வரிசையிலேயே கட்டத்துக்கு ஒன்றாக நிரப்பும் டெர்மினலால் இதைச் செய்ய முடியாது. குறி தனியே பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். எழுத்துகளைத் தொகுப்பாக எடுத்து வடிவமைக்கும் டெர்மினல்களில் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். ஆனால் ஞ, ண, ஊ போன்ற அகலமான எழுத்துகள் கட்டத்தை மீறும், இல்லாவிட்டால் நசுங்கும். கர்சர் ஓர் இடத்திலும் எழுத்து வேறோர் இடத்திலும் இருக்க, தட்டியதைத் திருத்துவது சோதனையாகிவிடும். தம் மொழியில் கோப்புக்குப் பெயர் வைத்த ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு இவ்வளவு தொல்லை வரக்கூடாது.

ஒரு ஆறுதல்: கெடுவது காட்சி மட்டும்தான், தரவு அல்ல. கோப்பில் 15 பைட்டும் பத்திரமாக இருக்கும். தேடினால் கிடைக்கும், வரிசைப்படுத்தினால் வரும், உரைத்தொகுப்பானில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும். நீளமான தமிழ் உரையை டெர்மினல் நிரலால் கையாளும்போது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டுத் தொகுப்பானில் படிப்பதே இப்போதைக்கு நல்லது. டெர்மினலிலேயே படிக்கவேண்டும் என்றால் கான்சோலை முயன்று பாருங்கள். பல எழுத்துமுறைகளுக்காகவே எழுதப்பட்ட எம்எல்டெர்ம் என்ற ஒன்றும் டெபியன் களஞ்சியத்தில் இருக்கிறது, இந்திய எழுத்துகளையும் கணக்கில் கொண்டு உருவானது.

நிலைமை நகராமலும் இல்லை. குறிகளைத் தனித்தனியாக எண்ணாமல், வாசகர் ஓரெழுத்தாக உணரும் தொகுப்பாக எண்ணும்படி நிரல் டெர்மினலைக் கேட்டுக்கொள்ளும் வழி ஒன்றைச் சில புதிய டெர்மினல்கள் ஏற்றிருக்கின்றன. கிட்டியை எழுதிய கோவித் கோயல், இந்த உரைக்கு இத்தனை கட்டம் என்று நிரலே டெர்மினலுக்குச் சொல்லும் நெறிமுறையை முன்வைத்திருக்கிறார். நிரலும் டெர்மினலும் வேறு வேறு எண்ணைக் கணக்கிடுவதால் வரும் குளறுபடி அதனால் நீங்கும். ஆனால் யூனிகோடின் தொகுப்பு விதி, தேவநாகரியிலும் மலையாளத்திலும் கூட்டெழுத்துகளை ஒன்றாகச் சேர்க்கிறது. தமிழை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே 'க்ஷ' இரண்டு தொகுப்பு, 'ஸ்ரீ' இரண்டு தொகுப்பு, வடிவம் ஒன்றாகவே இருந்தாலும்.

நீங்கள் நிறுவிய டெர்மினலில் கி, கீ, கு, கொ, க்ஷ, ஸ்ரீ ஆறையும் ஒரே வரியில் தட்டி, இடப்பக்க அம்பு விசையை ஒவ்வொரு முறையாக அழுத்திக் கர்சர் எங்கெங்கே நிற்கிறது என்று பாருங்கள். தவறாக நின்றால் திரைப்பிடிப்பு எடுத்து, டெர்மினலின் பதிப்பு எண், எழுத்துருவின் பெயர் இரண்டையும் சேர்த்து அந்தத் திட்டத்துக்கு வழு அறிக்கை அனுப்புங்கள். எப்படித் தெரியவேண்டும் என்பதையும் ஒரு படமாக இணையுங்கள். அதைப் படிக்கப்போகும் நிரலாளருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது.